புதூர்நாட்டில் ஒரு விசிறிப்புழு

எங்கள் வீட்டுக்கு இந்த மலையில் ‘குழாய்க்காரி வீடு’ என்று பெயர். குழாய்க்காரி நான்தான். தெருக்குழாய்ச் சண்டையில் வாங்கிய பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி வாங்கியிருந்தால் கொஞ்சம் பெருமையாகவாவது இருந்திருக்கும். முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் விரல் பருமனில் அழுக்கு நிறத்தில் ஒரு குழாய், அதைப் போய் ஒரு பொம்பளை பெற்ற பிள்ளை மாதிரிப் பொத்திப் பொத்தி வளர்க்கிறாள். ஊர் கண்டது அவ்வளவுதான்.

அந்தக் குழாய்க்குள் ஒரு புழு இருந்தது. சத்தியமாக இருந்தது. கடலில் வாழ்கிற புழு. தன்னைச் சுற்றித் தானே தோல் மாதிரி ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு, அதன் வாய் வழியாகத் தலையை மட்டும் வெளியே விரிக்கும். விரித்தால் பழுப்பும் வெள்ளையும் வரிவரியாக இறகுகள், வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்கு. தண்ணீரில் மிதக்கும் பொடிப் பாசியை அந்த இறகால் வடித்துத் தின்னும். மூச்சு விடுவதும் அந்த இறகால்தான். நான் வேலை பார்த்த கடையில் ‘டஸ்டர்’ என்பார்கள். தூசி தட்டுகிற சாமானா அது? எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. விசிறிப்புழு என்று நானாக வைத்துக்கொண்டேன்.

அதனிடம் இருந்த ஒரே கெட்ட குணம், நிழல் விழுந்தால் போதும், சடக்கென்று உள்ளே போய்விடும். கதவைச் சாத்தினால் போய்விடும். வாசலில் ஜீப் உறுமினால் போய்விடும். அப்புறம் வீடே அடங்கிக் கிடந்தால்தான் ஒவ்வொரு இறகாக, சம்பந்தி வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி, பிகு பண்ணிக்கொண்டு வெளியே வரும். இந்த லட்சணத்தில் ஊரிலிருந்து யாராவது பார்க்க வந்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டு அக்கா எத்தனை தடவை வந்திருப்பாள்! வாசலில் செருப்பை உதறும்போதே அது உள்ளே ஓடிவிடும்.

“இன்னாம்மா இது, வெறும் குழா தானே கீது?”

“இருக்குக்கா. இப்பதான் உள்ள போச்சு. அசையாம உக்காருங்க, வரும்.”

அசையாமல் உட்காருகிற பொம்பளையா அவள்? கண்ணாடியில் விரலால் தட்டுவாள். “ஏய், வாடி வெளிய!” என்று அதட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காப்பியைக் குடித்துவிட்டுப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவாள், குழாய்க்காரி குழாய்க்குக் காவல் இருக்கிறாள் என்று.

எனக்குக் காசிமேடு. கடல் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடையில் வேலை. உப்புத் தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் என் பொறுப்பு. அதே கடையில் வேன் ஓட்டினவர்தான் என் வீட்டுக்காரர். இந்த மலைக்காரர். மாமனார் புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. “ஒரு வருசம் பாக்கலாம், உனக்கு ஒத்து வரலன்னா எறங்கிடலாம்” என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். வேனை விட்டுவிட்டு ஜீப் வாங்கி, திருப்பத்தூருக்கும் மலைக்குமாக ஆள் ஏற்றி இறக்க ஆரம்பித்தார். புழுவும் நாலைந்து மீனும் நத்தைகளுமாக நான் தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். கடல்தான் வராது. அதிலிருந்து ஒரு துண்டாவது வரட்டும் என்று இருந்தது.

வந்த புதிதில் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல! உப்புப் பொட்டலம் சென்னையிலிருந்து வர வேண்டும். அதைக் கலக்க மலைக்குக் கீழே ஆலங்காயத்திலிருந்து கேன் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? புழுவுக்குச் சாப்பாடு பச்சைத் தண்ணீர், அதாவது பாசி வளர்த்த தண்ணீர். ஜன்னலோரம் பாட்டில்களில் நானே வளர்த்தேன். கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்று நிற்கும். இங்கே கரண்ட் போவதைச் சொல்லவே வேண்டாம், ஒரு மேகம் திரண்டாலே போய்விடும். பேட்டரிப் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அரைத்த மாவு பாதியில் கிடக்கும், நான் தொட்டியடியில் உட்கார்ந்திருப்பேன்.

வீட்டில் மாமனார் வேறு ஒரு தனி ராஜ்ஜியம். கேன் தண்ணீரை அவர் வாயிலேயே வைக்க மாட்டார். “பிளாஸ்டிக்கு நாத்தம் அடிக்குது” என்பார். அவருக்கென்று ஒரு செப்புக் குடம். இடுப்பு ஒடிந்து கம்பு ஊன்றி நடக்கிற ஆள், வாரம் தவறாமல் உட்கார்ந்து புளி போட்டு அதைத் தேய்ப்பார். புதுத் தாலிச் சரடு மாதிரி மின்னும். ராத்திரி தண்ணீர் நிரப்பி வைத்து விடிந்ததும் வெறும் வயிற்றில் குடிப்பார். வீட்டுக்கு யாராவது முக்கியமானவர்கள் வந்தால் அந்தத் தண்ணீர்தான் தருவார். எனக்கும் ஒரு தடவை தந்தார், வந்த முதல் நாள். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், குறை சொல்ல மாட்டார், நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். அந்த மௌனமும் எனக்கு எரிச்சல்தான்.

புளி உடைக்கிற காலம். ஒரு நாள் மதியம் போன கரண்ட் சாயங்காலம் வரை வரவில்லை. பேட்டரியும் தீர்ந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் புழு தன் இறகுக் கொத்தை மொத்தமாகக் கழற்றிப் போட்டிருந்தது. தாங்க முடியாத கஷ்டம் வந்தால் அது அப்படிச் செய்யும். கவனித்துக்கொண்டால் மறுபடி வளரும். ஆனாலும், மணலில் அந்த விசிறி தனியாகக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தலயே போச்சா? அப்ப இனிமே சோறு மிச்சம்.”

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

“சிரிங்க, நல்லா சிரிங்க! இந்த மலையில எனக்குன்னு கீறது இது ஒண்ணுதான். இதுவே இங்க பொழைக்கலன்னா நான் எங்க பொழைக்கிறது? சொல்லிட்டேன், இது செத்துச்சுன்னா அடுத்த பஸ்ஸுக்கு நான் பொட்டியக் கட்டிட்டுப் போய்ட்டே இருப்பேன். உங்க ஒரு வருசமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. அப்போது மனதார அப்படித்தான் இருந்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முற்றத்தில் மாமனார் கல்லில் வைத்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

அதற்குப் பிறகு நான் செய்யாத பணிவிடை இல்லை. கடன் சொல்லி இன்வர்ட்டர் வாங்கி வைத்தோம். உப்பு மீட்டரை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். சரியாக இருக்கும். தண்ணீரில் அழுக்கு ஏறியிருக்கிறதா என்று சோதனை செய்வேன். சரியாக இருக்கும். உப்புத் தொட்டியில் ஒரு சங்கதி உண்டு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். அதற்காகக் கண்ணாடியில் நீல மையால் ஒரு கோடு போட்டிருந்தேன். சாமை மில்லில் வேலை முடிந்து வந்ததும் கோட்டைத்தான் பார்ப்பேன். பங்குனி, சித்திரை வெயிலிலும் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. மலைக்காற்றின் ஈரம், ஆவியே ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். “உங்க ஊர்ல எனக்குப் புடிச்ச ஒரே விசயம் இதான்” என்று என் வீட்டுக்காரரிடம் மெனக்கெட்டுச் சொல்லவும் செய்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

இவ்வளவு சரியாக இருந்தும் புழு தேறவில்லை. புது விசிறி முளைத்தது, ஆனால் கட்டை விரல் நகம் அளவில் நின்றுவிட்டது. பிறகு அதையும் கழற்றிப் போட்டது. கண்ணாடியை மேய்ந்துகொண்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து செத்தன. மீன்கள் மட்டும் எனக்கென்ன என்று கொழுகொழுவெனச் சுற்றின. மீன் நன்றாக இருக்கிறது, நத்தை சாகிறது, இது என்ன கூத்து? உப்புப் பொட்டலம் போலி என்று பழைய கடைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். கொசுவர்த்தி கொளுத்தினார் என்று வீட்டுக்காரரோடு சண்டை. சாம்பிராணி போட்டாள் என்று பக்கத்து வீட்டு அக்காவோடு சண்டை. அவள் போட்டது அவள் வீட்டில்! மாமனாரோடு மட்டும் சண்டையில்லை. பேச்சிருந்தால்தானே சண்டை.

அதுவும் ஒரு நாள் வந்தது. பரண்மேல் என் சூட்கேஸைக் காணோம். சக்கரம் வைத்த பெரிய நீலப் பெட்டி, கல்யாணத்துக்கு என் அம்மா வாங்கிக் கொடுத்தது. தேடினால் மாமனார் கட்டிலுக்கடியில் இருக்கிறது. இழுக்கிறேன், நகரவில்லை. ஜிப்பைத் திறந்தால் உள்ளே விளிம்பு வரை விதைச் சாமை.

“மாமா, இன்னா இது? என் பொட்டிய யாரக் கேட்டு எடுத்தீங்க?”

“மூட்டய எலி கடிக்குதும்மா. இதுல ஜிப்பு கீது.”

“எலி கடிச்சா பொறி வைங்க! என் பொட்டிதான் கெடச்சுதா?”

அவர் கம்பை ஊன்றி எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அத்தனை சாமையையும் வேறு எதில் கொட்டுவது? முனகிக்கொண்டே ஜிப்பை மூடிப் பழைய இடத்தில் தள்ளினேன்.

நான் வேலைக்குப் போன சாமை மில்லைப் பெண்கள் குழு நடத்துகிறது. வைகாசியில் ஒரு நாள் காலையில் போய் மிஷினைப் போடுகிறேன், கரண்ட் இல்லை. எப்போது வரும் என்றும் தெரியவில்லை. எல்லோரும் கலைந்துவிட்டோம். திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது முன்னறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

மாமனார் ஒரு கையில் கம்பை ஊன்றித் தொட்டியில் சாய்ந்து நின்றிருந்தார். இன்னொரு கையில் சொம்பு. தரையில் பளபளவென்று அந்தச் செப்புக் குடம். குடத்திலிருந்து மொண்டு மொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், நான் போட்ட நீலக் கோடு வரை நிரப்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. கடையில் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. மீனுக்கு மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்தால் செம்பு கலந்த மருந்து ஊற்றலாம். நத்தையும் புழுவும் இருக்கிற தொட்டிப் பக்கம் அந்த மருந்து பாட்டிலைக் கொண்டே போகக் கூடாது. மீன் தாங்கும், இவை தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் கொன்றுவிடும். புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தில் ராத்திரி முழுக்க ஊறின தண்ணீர்! நான் உப்பையும் கொசுவர்த்தியையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் இது நடந்திருக்கிறது. ஆவியாகாத அதிசயத்தின் ரகசியமும் இதுதான்.

“மாமா!” நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த சொம்பு நழுவித் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. “இன்னா பண்றீங்க? உங்களுக்கு இன்னா பைத்தியமா? வெஷம் மாமா அது! வெஷத்த ஊத்திகினு கீறீங்க!”

“நல்ல தண்ணிம்மா” என்றார். “நான் குடிக்கிற தண்ணிதான்.”

“உங்களுக்கு நல்லது, அதுக்கு ஆவாது! யாரு உங்கள ஊத்தச் சொன்னது? எத்தினி நாளா ஊத்துறீங்க?”

“நீ அன்னிக்குக் கத்துனல்ல, அதுக்கு மறுநாள்ள இருந்து. கரிக்கிற தண்ணியிலயே ராவும் பகலும் கெடக்குதே, தாகம் எடுக்காதான்னு தோணுச்சு. நாவறண்டுதான் சாவுதோன்னு நெனச்சேன். வூட்டுல கீறதுலயே நல்ல தண்ணி இதான்.”

“என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னா வேணாம்பியே.” அவர் தொட்டியைப் பார்த்தார். குழாய் மட்டும் தெரிந்தது. “அது செத்துச்சுன்னா நீ போய்டுவேன்னு சொன்னியேம்மா.”

நான் சொம்பை வெளியே எடுத்துத் துடைத்துக் கீழே வைத்தேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? தண்ணீரைப் பாதி இறைத்துக் கொட்டினேன். இருந்த கேன் தண்ணீரில் உப்புக் கலக்க உட்கார்ந்தேன். அவர் அங்கேயே நின்றார். குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, பூவாட்டம் விரியும்னு சொல்லுவியே, அது நெசமாவே விரியுமா?”

“நீங்க பாத்ததே இல்லியா?”

“நான் கிட்ட வந்தா குழாதான் தெரியும். ஒரு நாளும் பாக்கல.”

தினம் தினம் குனிந்து ஊற்றியிருக்கிறார். அவர் நிழல் விழுந்ததும் அது உள்ளே போயிருக்கும். ஊரே காலிக் குழாய் என்று சிரித்ததற்கு, நான் சொன்னேன் என்ற ஒரே காரணத்துக்காக, இந்த மனுஷன் ஒடிந்த இடுப்போடு தண்ணீர் சுமந்திருக்கிறார். அதைக் கொன்றுகொண்டிருந்ததும் அவரேதான். இந்த அநியாயத்தை நான் எந்தக் கோயிலில் போய் முறையிட?

தண்ணீர் மாற்றியும் பிரயோசனம் இல்லை. அந்த வாரமே புழு குழாயை விட்டு முழுசாக வெளியே வந்து மணலில் கிடந்தது. அப்படி வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் முடிந்தது கதை. கரண்டியால் தொட்டேன், சுருங்கவில்லை. முதல் தடவையாக, நிழலுக்குப் பயப்படாமல் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்ப் பலா மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். மாமனார் கம்பை ஊன்றி வந்து பக்கத்தில் நின்றார். துவைத்த வேட்டி கட்டியிருந்தார்.

“எந்த பஸ்ஸும்மா?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“சாயந்தர பஸ்ஸுல கூட்டம் சாஸ்தி. பொட்டியோட செரமம். அவன ஜீப்புல கொண்டுபோய் உடச் சொல்றேன். திருப்பத்தூர்ல ரயில் ஏத்தி உட்டுட்டு வரட்டும்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பலா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

“பொட்டியா? எந்தப் பொட்டி? எங்க மாமா கீது பொட்டி? அதுலதான் வெதச் சாமையக் கொட்டி ஜிப்பப் போட்டு வச்சிருக்கீங்களே! நான் இன்னா, துணிய முந்தானையில முடிஞ்சிகினு போறதா? மொதல்ல வெதச்சு முடிங்க. பொட்டி காலியாவட்டும், அப்புறம் பாக்கலாம்.”

“மழ பேயணுமேம்மா.”

“பேயட்டும்! யாரு வேணாம்னது?”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். போய்க் கட்டிலில் உட்கார்ந்தவர், கம்பால் அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மழை பெய்தது. விதைத்தார்கள். ஆடி முழுக்க என் பெட்டி காலியாக, வாய் திறந்து, முற்றத்து வெயிலில் காய்ந்தது, அடைமழைக்குத் தாழ்வாரத்துக்கு வந்தது. நான் எடுத்துப் பரணில் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. வேறு புழு வாங்கி அனுப்பச் சொல்லிக் கடைக்குப் போன் செய்தேன். முன்பு போட்ட சண்டையை மனதில் வைத்துக்கொண்டு இழுத்தடிக்கிறார்கள். தொட்டியில் அந்தக் காலிக் குழாய் இன்னும் நிற்கிறது, ஊர் சொன்னது கடைசியில் உண்மையாகிவிட்டது. மார்கழியில் ஒரு நாள் மில்லிலிருந்து வந்து பார்த்தேன். தாழ்வாரத்தில் பெட்டி இல்லை. மாமனார் கட்டிலுக்கடியில் இருந்தது. இழுத்தேன், நகரவில்லை. என்னைக் கேட்காமலே, புதுச் சாமையை விளிம்பு வரை கொட்டி ஜிப்பை இழுத்து மூடியிருந்தார்.